பிள்ளையைக் காட்டப் போனால் அம்மாவைப் பற்றியும் கேளுங்கள்

இரண்டு வயதுப் பிள்ளை எதற்கெடுத்தாலும் அழுகிறது, இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது, ராத்திரி நாலைந்து தடவை விழித்துக்கொள்கிறது. டாக்டரிடம் போனால் எடை பார்ப்பார், காது பார்ப்பார், பூச்சி மருந்தும் டானிக்கும் எழுதிக் கொடுப்பார். வீட்டில் பாட்டி மிளகாய் சுற்றிப் போடுவார். பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் அம்மாவிடம், "நீ தூங்குறியாம்மா? சாப்பாடு இறங்குதா?" என்று யாரும் கேட்பதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மனசைப் பற்றிய எந்தப் பேச்சும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த வயதில் பிள்ளைக்குத் தன் பயத்தையும் கோபத்தையும் தானே அடக்கிக்கொள்ளத் தெரியாது. தூக்கி வைத்திருப்பவரின் முகம், குரல், கை ஆகியவற்றின் துணையோடுதான் அடங்கக் கற்றுக்கொள்கிறது. நம் வீடுகளில் அந்த வேலை பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில் விழுகிறது. அந்த ஆள் நோயில் இருந்தால் பிள்ளை அதை உணராமல் இருக்காது.

நோய் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். கோவாவில் குழந்தை பெற்று 6 முதல் 8 வாரம் ஆன தாய்மாரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அதே ஆண்டு வேலூரை ஒட்டிய கிராமங்களிலிருந்து வெளியான ஆய்வில் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். அவர்களிடம் அதிகம் காணப்பட்டவை என்ன தெரியுமா? குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் வந்த துயரங்கள், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது. இதில் எதையும் அந்தப் பெண் வரவழைத்துக்கொள்ளவில்லை. அதனால் இனி வரும் எதையும் "உன்னாலதான் பிள்ளை இப்படி ஆச்சு" என்று சொல்வதற்கு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாதிப்பு எந்த வழியாகப் போகிறது என்பதை எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலேயே காட்டிவிட்டார். சில மாதக் குழந்தையோடு அம்மா வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவார். பிறகு சொல்லிவைத்தபடி இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். அதற்கும் பதில் இல்லை என்றதும் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஓரக்கண்ணால் திரும்பிப் பார்க்கும். விரலையோ துணியையோ வாயில் வைத்துக்கொள்ளும். கடைசியில் உடம்பு தளர்ந்துவிடும் அல்லது அழுகை வெடிக்கும். சில நிமிடத்தில் இவ்வளவும் நடக்கிறது. பதில் தராத முகத்தோடு மாதக் கணக்கில் வாழும் குழந்தை அழைப்பதையே குறைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட குழந்தையைத்தான் பல வீடுகளில் "தொந்தரவே இல்லாத பிள்ளை" என்று பாராட்டுகிறார்கள்.

அதே ஆய்வுகளில் தாய்மாருக்கு ஆறுதலான ஒன்றும் உண்டு. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் தாயும் பிள்ளையும்கூட ஒருவருக்கொருவர் சரியாக ஒத்துப்போவது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் தவறிப்போகிறது, திரும்பச் சரியாகிறது. திரும்பச் சரியாகும் அந்த அனுபவம்தான் பிள்ளைக்குத் தெம்பு. ஒரு மோசமான நாளோ ஒரு மோசமான வாரமோ பிள்ளையைக் கெடுத்துவிடாது. கடுமையான சோர்வு, சிகிச்சையே இல்லாமல் மாதக் கணக்கில் நீடிப்பதுதான் கவலைப்பட வேண்டியது. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், கடுமையாகவும் நீடித்தும் இருந்த மனச்சோர்வுதான் பிள்ளைகளின் மூன்றரை வயது நடத்தைச் சிக்கல்களோடும் பதின்ம வயது மனச்சோர்வோடும் அதிகம் தொடர்புபட்டிருந்தது.

மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழும் பெண்தான் எல்லோர் கண்ணிலும் வருகிறாள். இன்னொரு வகை உண்டு, அது எளிதில் தவறிப்போகிறது. பிள்ளையை விடாமல் அவசரப்படுத்துவது, வாயில் திணித்து ஊட்டுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவது, சின்னச் சின்னதுக்கும் எரிந்து விழுவது. இந்த அம்மா சுறுசுறுப்பாக இருப்பதால் "கோபக்காரி" என்று பெயர் வாங்குவார். ராத்திரி தூங்குகிறாரா, எதிலாவது சந்தோஷம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் வெளியே வரும்.

பதற்றம் வேறு வழியில் போகிறது. 1985-இல் வெளியான ஒரு பரிசோதனை: கண்ணாடி மேசைக்குக் கீழே ஒரு பகுதியில் 30 சென்டிமீட்டர் பள்ளம் தெரியும்படி செய்து, ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு முனையில் விட்டார்கள். மறுமுனையில் அம்மா. பள்ளத்தின் விளிம்பில் வந்து குழந்தை அம்மா முகத்தைப் பார்த்தது. சிரித்த முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 தாண்டிப் போயின. பயந்த முகத்தைப் பார்த்த 17 குழந்தைகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. யாரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாய், ஊஞ்சல், புது மனிதர், ஊசி போடும் நர்ஸ் என எதைக் கண்டாலும் பிள்ளை இதையேதான் செய்கிறது. முதலில் நம் முகத்தைப் படிக்கிறது, பிறகுதான் அந்தப் பொருளை.

பதற்றம் உள்ள அம்மா பூங்காவில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள். "பாத்து, பாத்து, பிடிச்சுக்கோ, விழுந்துடுவ" என்று மூச்சுக்கு மூச்சு வரும். கை பிள்ளையின் சட்டையைவிட்டு எடுபடாது. பிள்ளை லேசாகத் தயங்கினாலே இறக்கிவிடுவார். இறக்கியதும் இரண்டு பேருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் சிக்கல், ஏனென்றால் பயத்திலிருந்து தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று இரண்டு மூளையும் குறித்துக்கொள்கின்றன. இதன் மேல் "பூச்சாண்டி வரான்", "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்" என்று வீட்டில் மற்றவர்கள் வேறு மிரட்டினால் பயம் கெட்டியாகிவிடுகிறது. தயவுசெய்து அந்த மிரட்டலை இன்றே நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் தாயின் முகத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. பரம்பரைக் கூறு இருக்கிறது. கணவனின் குடி, அடி, கடன் ஆகியவை தாயையும் பிள்ளையையும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. விடாமல் அழும் குழந்தையே தாயைச் சோர்வுக்குள் தள்ளுவதும் நடக்கிறது. இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒரு வயதிலும் மழலைச் சத்தம் இல்லாதது, 18 மாதத்திலும் ஒரு சொல்கூட வராதது, வந்த பேச்சு நின்றுபோவது போன்றவற்றை "அம்மா சரியில்ல, அதான்" என்று தள்ளிவிடக் கூடாது. காது கேட்கிறதா என்பதில் தொடங்கி முழுப் பரிசோதனை வேண்டும். ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பி, எத்தனையோ தாய்மாரை வதைத்தது. அந்தத் தவறு திரும்ப நடக்கக் கூடாது.

சரி, தாயின் நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கென்று 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோல் இருக்கிறது. பத்துக் கேள்விகள், கடந்த 7 நாளைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. தமிழிலும் உண்டு. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் தவறாகச் செய்தால் பயனில்லை. முதல் தவறு, மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்பது. அப்போது எல்லா விடையும் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கூட வந்தவரைப் படிக்கச் சொல்லாமல், செவிலியர் தனியறையில் படித்துக்காட்ட வேண்டும். இரண்டாவது, கூட்டலில் வரும் பிழை. 1, 2, 4 ஆகிய கேள்விகளில் முதல் விடைக்கு 0. மற்ற ஏழிலும் முதல் விடைக்கு 3. இதைக் கவனிக்காமல் கூட்டினால் நோயாளி ஆரோக்கியமானவராகத் தெரிவார். மூன்றாவது, எல்லைக்கோடு. ஆங்கில மூலத்தில் 13-உம் அதற்கு மேலும் என்று வைத்திருப்பதை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால் பலர் விடுபடுவார்கள். வேலூரில் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005-இல் வெளியான ஆய்வு 9-ஐத் தொட்டாலே மேற்கொண்டு பார்க்கச் சொல்கிறது. மொத்தம் குறைவாக இருந்தாலும் 3, 4, 5 ஆகிய மூன்று கேள்விகளில் மதிப்பெண் குவிந்திருந்தால் பதற்றம் பக்கம் விசாரிக்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும், மற்ற ஒன்பதும் சைபராக இருந்தாலும், அன்றைக்கே பேச வேண்டும். இந்த அளவுகோல் சந்தேகத்தைத்தான் காட்டும், நோயை மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும்.

ஒரு தடவை கேட்டால் போதாது. 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கும் 9-வது மாத ஊசிக்கும் குழந்தை எப்படியும் வரும். அந்த நாட்களில் தாயையும் கேட்டுவிடலாம். தமிழ்நாட்டில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில் நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வென்னீர் வைத்துக் கொடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்து, ராத்திரி தோளில் போட்டு நடந்த அவளுடைய அம்மா ஒரே நாளில் பக்கத்தில் இல்லாமல் போகிறார். சமையலும் துணியும் திரும்ப இவள் கைக்கு வருகின்றன. அந்த முதல் மாதம்தான் அதிகம் கவனிக்க வேண்டிய மாதம். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் அவள் தாய்வீட்டு ஊரில் இருப்பதால் புது ஊரில் யாரும் வந்து பார்க்காமலும் போய்விடும். ஊர் மாறும்போது தாய்சேய் நல அட்டையைப் புது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள்.

எது சாதாரணம், எது நோய், எது அவசரம் என்பதும் குழம்பிப்போகிறது. பிரசவமான மூன்று நாலு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பெரும்பாலோருக்கு உண்டு, இரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, எதிலும் நாட்டமின்மை, குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராதது, பசியின்மை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் போன்றவை நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தூக்கமே இல்லாமல் படபடவென்று பேசுவது, குரல் கேட்கிறது என்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது, தெளிவு வந்து வந்து போவது என்று ஆரம்பிக்கும். இதைக் காத்துகருப்பு என்று கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் கொண்டுபோய் நாள் கடத்துவதில்தான் உயிர் போகிறது. தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல் உடனே மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. "மாடிப்படியில் கை நழுவவிட்டுடுவேனோ, அரிவாள்மனையைப் பார்த்தால் ஏதாவது செய்துடுவேனோ" என்று வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரு தாய் நடுங்குகிறார். அதனாலேயே குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறார். இது பதற்றத்தின் முகம். அந்த எண்ணம் அவருக்கே அருவருப்பாக இருப்பதும், அதைத் தவிர்க்க அவர் ஓடுவதும்தான் அடையாளம். சிகிச்சையில் நன்றாகக் கட்டுப்படும். வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மாதக் கணக்கில் மறைத்துவைப்பவர்கள் உண்டு, அவர்கள் இதைப் படித்தால் தைரியமாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சைக்குப் போகும்போது ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகான முதல் ஆண்டில் தைராய்டு கோளாறு வந்து சோர்வாகவோ படபடப்பாகவோ வேஷம் போடும். மாத்திரை தேவைப்பட்டால், தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது செர்ட்ராலின், ஏனென்றால் பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வந்ததும் "ஒத்துக்கல" என்று நிறுத்துவதும், நன்றாக ஆனதும் தானே நிறுத்துவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் அல்பிரஸோலாம் போன்ற தூக்க மாத்திரையைத் தானே வாங்கிப் போடுவது ஆபத்து. பழக்கமாகிவிடும், பால் குடிக்கும் குழந்தைக்கு மந்தம் வரும், அந்த மயக்கத்தில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கினால் மூச்சடைக்கும் அபாயமும் உண்டு.

மாத்திரை இல்லாமலே பேச்சு வழிச் சிகிச்சையில் தேறுபவர்கள் நிறைய. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு, கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கி மொத்தம் 16 தடவை அனுப்பினார்கள். 2008-இல் வந்த முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அவர்கள் பார்த்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிச்சம். அந்தச் சிகிச்சை இல்லாமல் சாதாரணமாகப் போய்வந்த வீடுகளில் 53 சதவீதம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்தது, தடுப்பூசியும் கூடியது. மனநல மருத்துவர் இல்லாத ஊரிலும் இது முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

தாய் குணமானால் பிள்ளையும் தேறும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 7 முதல் 17 வயதுப் பிள்ளைகள் உள்ள, மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த அமெரிக்கத் தாய்மாரை மூன்று மாதம் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், குணமானவர்களின் பிள்ளைகளிடம் மனநலக் கோளாறுகள் 11 சதவீதம் குறைந்தன, குணமாகாதவர்களின் பிள்ளைகளிடம் 8 சதவீதம் கூடின. கைக்குழந்தைகளின் விஷயத்தில் மட்டும், தாயின் சோர்வு போனாலும் இருவருக்கும் இடையில் விட்டுப்போன பழக்கம் தானாகத் திரும்புவதில்லை. அதைத் தனியாகப் பழக வேண்டும்.

பழகுவதற்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். முடியாத நாளில் குளிப்பாட்டும்போது, எண்ணெய் தேய்க்கும்போது கிடைக்கும் இரண்டு நிமிடம். போனை வேறு அறையில் வையுங்கள். கைக்குழந்தை என்றால் உங்கள் முகம் ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கட்டும். முதலில் பேசாதீர்கள், குழந்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். அது நாக்கை நீட்டினால் நீங்களும் நீட்டுங்கள். "ங்கா" என்றால் "ங்கா" என்று சொல்லி நிறுத்துங்கள். ஐந்து முதல் பத்து விநாடி காத்திருங்கள். அந்த இடைவெளியில்தான் குழந்தை பதில் தயாரிக்கிறது, பெரும்பாலோர் அதற்குள் அடுத்த ஒலியைக் கொடுத்துவிடுகிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு ஓய்வு வேண்டும் என்று அர்த்தம். துரத்திப் போகாதீர்கள், திரும்பி வரும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை என்றால் விளையாட்டை அதுதான் நடத்த வேண்டும். "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று கேட்டதும் விளையாட்டு பரீட்சையாகிவிடும். "ஓ, கரண்டியை டப்பாவுக்குள்ள போட்டுட்ட" என்று நடப்பதைச் சொன்னால் போதும். மனசில் அன்பு ஊறிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். சோர்வில் செயல்தான் முதலில் வரும், உணர்வு வாரங்கள் கழித்துப் பின்னால் வரும்.

கத்திவிட்டால், அடித்துவிட்டால், சமாதானம் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. உங்கள் மூச்சு அடங்கியதும் பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து, "அம்மா கத்திட்டேன். நீ பயந்துட்ட. உன் மேல தப்பில்ல" என்ற மூன்று வாக்கியம் போதும். அழுதுகொண்டே கட்டிப்பிடித்து "அம்மாவை மன்னிச்சிடு" என்று கெஞ்சினால், ஆறுதல் சொல்ல வேண்டிய பொறுப்பு மூன்று வயதுப் பிள்ளையின் மேல் விழுகிறது. அம்மாவின் கண்ணீரைத் துடைத்து, சத்தமே போடாமல், வயதுக்கு மீறிப் பொறுப்பாக இருக்கும் பிள்ளையையும் கவனிக்க வேண்டும், அது நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. "அம்மாவுக்கு உடம்புக்கு முடியல, டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க, உன்னால வரல" என்று மூன்று வயதிலேயே சொல்லலாம்.

பயந்த பிள்ளையை எல்கேஜியில் விட வேண்டுமானால் சில வாரம் முன்பே படிபோட்டுப் பழக்குங்கள். முதலில் பக்கத்து அறையில் இரண்டு நிமிடம், பிறகு பாட்டியோடு பத்து நிமிடம், பிறகு அத்தை வீட்டில் அரை மணி. ஒவ்வொரு படியும் சலிப்பாகும்வரை அதே படி. "பயமா இருக்குன்னு தெரியுது, உன்னால முடியும்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளை விளையாடும்போது நைசாக நழுவிப் போவது அன்றைக்கு அழுகையை மிச்சப்படுத்தும், மறுநாளிலிருந்து பிள்ளை கண்ணை எடுக்காமல் உங்களைக் காவல் காக்கும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி தூக்கம்தான். ராத்திரி ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஐந்து மணி நேரம் தாயைத் தொடர்ச்சியாகத் தூங்க விடுங்கள். பீய்ச்சி எடுத்த பாலைக் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள், வென்னீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கி, பாலாடையில் கணவர் ஊட்டலாம். அதைக் கணவர் செய்வதால் பிள்ளைக்கு இன்னொரு பதில் தரும் முகமும் கிடைக்கிறது. அப்பாவும் சோர்வில் விழலாம், அதுவும் பிள்ளையைத் தொடும், அவரையும் கேளுங்கள்.

உதவிக்கு இந்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926 என்ற எண். உயிருக்கு ஆபத்தென்றால் தமிழ்நாட்டில் 108. பேசும்போது குழந்தைக்கு எத்தனை மாதம், பால் குடிக்கிறதா, தாய் கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினார், சாக வேண்டும் என்றோ குழந்தையை என்னவாவது செய்துவிட வேண்டும் என்றோ சொன்னாரா, இப்போது என்ன மாத்திரை போடுகிறார், முன்பு இப்படி வந்ததுண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்ற விவரங்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.